வேடந்தாங்கலில் உரம், நம் ஊரில் நஞ்சு

கூடுவாஞ்சேரி, நந்திவரம், ஊரப்பாக்கம், காட்டாங்குளத்தூர் வட்டாரக் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்



உங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் லிஃப்ட், பார்க்கிங், தண்ணீர் லாரிக் கணக்கு ஆகியவற்றோடு இன்னொரு பொருளையும் சேர்க்கும்படி கேட்கவே இதை எழுதுகிறேன். நம் வீடுகளிலிருந்து வெளியேறும் நைட்ரஜன் எங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் அந்தப் பொருள். உயிர்வேதியியல் கற்பித்தவன், இந்த ஊரில் உங்களோடு குடியிருப்பவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். நான் சொல்ல வருவது இதுதான்: நம் உடம்பை விட்டு நீங்கும் நைட்ரஜனுக்குப் போக்கிடம் இரண்டே. ஒன்று செடியின் வேர், இன்னொன்று காற்று. இரண்டுக்கும் அனுப்பாமல் விட்டால் அது ஏரியில் நஞ்சாகவும் கிணற்றில் நைட்ரேட்டாகவும் நம்மிடமே திரும்பும்.

இந்த நைட்ரஜன் நம்மிடம் வந்து சேரும் வழியை முதலில் பார்ப்போம். நாம் மூச்சிழுக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். ஆனாலும் அதில் ஓர் அணுவைக்கூட நம் உடம்பால் எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டிரண்டு அணுக்களாக மும்மைப் பிணைப்பில் இறுகிக் கிடக்கும் அதைப் பிரிக்கத் தெரிந்த உயிர்கள் சில பாக்டீரியாக்களும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களில் சிலவும் மட்டுமே. செங்கல்பட்டுப் பக்கம் நிலக்கடலை போட்டிருக்கும் கொல்லையில் ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். மிளகளவில் முண்டு முண்டாக ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் இரத்தத்துக்குச் சிவப்பைத் தரும் ஹீமோகுளோபினின் உறவான லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம் அது. நைட்ரஜனைப் பிரிக்கும் நைட்ரோஜினேஸ் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். அதனால் ஆக்சிஜனை அளவோடு மட்டும் உள்ளே விட அந்தச் சிவப்புப் புரதம் காவல் நிற்கிறது.

ஒரு நைட்ரஜன் மூலக்கூறை இரண்டு அம்மோனியாவாக்க அந்த பாக்டீரியா 16 ஏடிபி செலவழிக்கிறது. ஏடிபி என்பது உயிரணுவின் கைச்செலவுப் பணம். இதே வேலையை மணலி உர ஆலை போன்ற இடங்களில் செய்ய 400 டிகிரிக்குக் குறையாத வெப்பமும் வளிமண்டலத்தைப் போல் நூறு மடங்குக்கு மேலான அழுத்தமும் வேண்டியிருக்கிறது. நெல் வயலின் நீலப்பச்சைப் பாசிகளும் (பெயர்தான் பாசி, இனம் பாக்டீரியா) காற்றின் நைட்ரஜனைப் பிடிப்பதை 1939இல் பி.கே. டே காட்டினார். அந்தப் பாசிகளை இனம் பிரித்து 'சயனோஃபைட்டா' என்ற பெருநூலை 1959இல் தந்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.வி. தேசிகாச்சாரி.

அம்மோனியா கிடைத்ததும் செடி அதைச் சும்மா வைத்திருப்பதில்லை. குளூட்டமிக் அமிலத்தோடு சேர்த்துக் குளூட்டமைன் ஆக்குகிறது. அங்கிருந்து நைட்ரஜன் கைமாறிக் கைமாறி மற்ற அமினோ அமிலங்களாகவும், இலையின் பச்சையமாகவும், டிஎன்ஏவின் எழுத்துகளாகவும் உருவெடுக்கிறது. நாம் சாம்பாரில் போடும் துவரம்பருப்பின் புரதம் முழுவதும் இப்படிச் சேர்ந்ததுதான். உழவர் போட்ட யூரியாவானாலும் வேர்முண்டில் பிடிபட்ட காற்றானாலும், செடியின் உயிரணுவுக்குள் போனபின் எல்லாம் ஒரே வழிதான்.

சாப்பிட்ட பிறகு நடப்பதுதான் நம் சங்கங்களுக்கு உரிய பகுதி. சர்க்கரையையும் கொழுப்பையும் உடம்பு சேமித்து வைக்கும். மிகுதியான அமினோ அமிலத்தைச் சேமிக்க அதற்கு இடமில்லை. கார்பன் பகுதியை எரிபொருளாக்கிக்கொண்டு நைட்ரஜனைக் கழற்றிவிடுகிறது. கழன்று வருவது அம்மோனியா. இரத்தத்தில் அது சற்றுக் கூடினாலும் மூளை தாங்காது. அதனால் கல்லீரல் அதை யூரியாவாக மாற்றுகிறது. இந்தச் சுழற்சியை 1932இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் ஹான்ஸ் கிரெப்ஸும் கர்ட் ஹென்சலைட்டும் கண்டறிந்தார்கள். மெல்லிய கல்லீரல் துண்டுகளோடு ஆர்னிதின் என்ற அமினோ அமிலத்தைச் சிறிதளவு சேர்த்தபோது யூரியா உற்பத்தி பெருகியது, ஆர்னிதினோ தீரவில்லை. சுற்றி வந்து திரும்பத் திரும்பப் பயன்படுகிறது என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். அடுத்த ஆண்டே யூதர் என்பதற்காக கிரெப்ஸை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்தார்.

இப்போது கணக்குக்கு வருவோம். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம் புரதம் போதும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை. புரதத்தில் நூற்றுக்கு 16 பங்கு நைட்ரஜன். அதாவது எட்டரை கிராமுக்குச் சற்று மேல். வளர்ச்சி முடிந்தவர்களின் உடம்பில் உள்ளே போகும் நைட்ரஜன் அளவுக்கே வெளியேயும் வந்துவிடும். பிள்ளைகளையும் சேர்த்துத் தலைக்கு 8 கிராம் என்றே வைத்துக்கொள்வோம். நூறு வீடுகள், வீட்டுக்கு நான்கு பேர் என்றால் நாளொன்றுக்கு 3.2 கிலோ நைட்ரஜன். யூரியாவாகச் சொன்னால் ஏறக்குறைய 7 கிலோ. ஓர் ஆண்டில் இரண்டரை டன். 45 கிலோ மூட்டையில் கட்டினால் 55 மூட்டைக்கு மேல். நடுத்தரமான ஒரே ஓர் அடுக்குமாடி வளாகம் தருவது இது. நம் வட்டாரத்தில் எத்தனை வளாகங்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இதைப் படித்து யாரும் கூச வேண்டாம். உயிர் வாழும் எந்த உடம்பும் நைட்ரஜனை வெளியேற்றியே தீரும். இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் ஊர் அதைச் செல்வமாகப் போற்றி வந்திருக்கிறது. ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போய்ப் படாளத்தில் திரும்பினால் வேடந்தாங்கல். சுமார் 30 ஹெக்டேர் ஏரி. நீருக்குள் நிற்கும் மரங்களில் நத்தைக்குத்தி நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் கூடு கட்டுகின்றன. பறவைகள் நைட்ரஜனை யூரியாவாக வெளியேற்றுவதில்லை, யூரிக் அமிலமாக வெளியேற்றுகின்றன. எச்சத்தின் வெள்ளை நிறம் அதுதான். முட்டை ஓட்டுக்குள் வளரும் குஞ்சுக்கு நீரில் கரையும் யூரியா ஆபத்து. கரையாமல் ஒதுங்கிக் கிடக்கும் யூரிக் அமிலம் பாதுகாப்பு. தண்ணீரும் மிச்சம்.

அந்த எச்சம் ஏரியில் விழுகிறது. நீரிலும் சேற்றிலும் உள்ள நுண்ணுயிர்கள் யூரிக் அமிலத்தைப் படிப்படியாக உடைத்து யூரியாவாகவும், பிறகு அம்மோனியாவாகவும் மாற்றுகின்றன. மதகு திறந்தால் அந்த நீர் நெல் வயலுக்குப் பாய்கிறது. காற்றுப் புகாத வயற்சேற்றில் அம்மோனியம் தங்குகிறது, நெல் அதை விரும்பி எடுத்துக்கொள்கிறது. வேதியியல் பெயர்கள் தெரியாமலே வேடந்தாங்கல் உழவர்கள் இந்தப் பயனைக் கண்டுகொண்டார்கள். பறவைகளைச் சுட வந்தவர்களைத் தடுக்க, 1790களின் இறுதியில் செங்கல்பட்டு ஆட்சியராயிருந்த லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் கவுல் என்ற எழுத்துறுதி பெற்றார்கள். தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் இருப்பதை இன்றும் வழக்கமாக வைத்திருக்கிறார்கள். 2022இல் அந்த ஏரி பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

நம் ஏரிகளும் அப்படிப்பட்டவைதான். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகத்துக்கும் நீர் தர வெட்டப்பட்டவை. மாடும் மனிதரும் தந்த நைட்ரஜனை அந்த ஆயக்கட்டு வயல்கள் வாங்கிக்கொண்டன. இன்று ஆயக்கட்டின் பெரும்பகுதி மனைகளாகி, அந்த மனைகளில்தான் நாம் இருக்கிறோம். 2021இல் நந்திவரம்-கூடுவாஞ்சேரி நகராட்சியும் ஆகிவிட்டது. நைட்ரஜனைத் தருபவர்கள் பல மடங்கு பெருகிவிட்டோம். வாங்கிக்கொள்ளும் வேர்கள் போய்விட்டன. வேடந்தாங்கலில் உரமாக இருப்பது நம் ஊரில் நஞ்சாவதற்குக் காரணம் இவ்வளவே.

நஞ்சாவது எப்படி என்றும் சொல்ல வேண்டும். யூரியா தன்னளவில் சாதுவானது. ஆனால் குழாயிலும் தொட்டியிலும் வாழும் பாக்டீரியாக்களிடம் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. வாளவரை விதையிலும் அது ஏராளம். அந்த விதையிலிருந்துதான் 1926இல் ஜேம்ஸ் சம்னர் யூரியேஸைப் படிகமாக்கி, நொதி என்பது புரதம் என்று முதன்முதலில் காட்டினார். கல்லீரல் அரும்பாடுபட்டுக் கட்டிய யூரியாவை இந்த நொதி நொடியில் உடைத்து மறுபடி அம்மோனியா ஆக்கிவிடும். பராமரிக்காத பொதுக் கழிப்பறையின் நெடி அதுதான்.

அந்த அம்மோனியா ஏரிக்குப் போனால் முதலில் அடிபடுவது மீன். ஏரி மீன்கள் பெரும்பாலும் யூரியா செய்வதில்லை. உடம்பில் உண்டாகும் அம்மோனியாவைச் செவுள் வழியாக அப்படியே நீரில் விட்டுவிடுகின்றன. வெளியே நீரிலேயே அம்மோனியா மிகுந்திருந்தால் உள்ளே இருப்பது வெளியேற வழியில்லை. வெயில் நேரத்தில் பாசி கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்ள நீரின் காரத்தன்மை ஏறுகிறது. பிஎச் 7இல் அம்மோனியாவின் நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இராது. 30 டிகிரி வெப்பமுள்ள நீரில் பிஎச் 9ஐ எட்டினால் அதுவே நூற்றில் நாற்பதைத் தாண்டும். பிறகு ஆகாயத்தாமரை வருகிறது. அது குற்றவாளி அன்று. நாம் அனுப்பிய நைட்ரஜனைத் தன்னால் இயன்றவரை புரதமாக்கிக்கொள்கிற செடி. அதை வாரிக் கரையிலேயே குவித்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். அழுகி, மழையில் கரைந்து, எல்லா நைட்ரஜனும் மறுபடி ஏரிக்கே இறங்கிவிடுகிறது. நந்திவரம் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே வழிவது ஊரப்பாக்கம், ஆதனூர் என்று போய் அடையாற்றில் கலக்கிறது. நம் தவறு நம் எல்லையோடு நிற்பதில்லை.

எங்கள் தெருவில் செப்டிக் டேங்க் இருக்கிறது, ஏரிக்கு எதுவும் போவதில்லை என்பவர்களுக்கும் ஒரு சொல். செப்டிக் டேங்க்கில் ஆக்சிஜன் இல்லை. ஆகவே உள்ளே போன நைட்ரஜனில் பெரும்பகுதி அம்மோனியாவாகவே வெளியே கசியும். மேல்மண்ணில் காற்று பட்டதும் மண்ணின் பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட்டை மண் பிடித்து வைக்காது, நிலத்தடி நீருக்கு இறங்கிவிடும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். கைக்குழந்தையின் வயிற்றில் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி, இரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் குலைக்கும், குழந்தை நீலம் பாய்ந்துபோகும். கிணற்று நீருக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை 1945இல் அமெரிக்காவின் அயோவாவில் ஹன்டர் காம்லி என்ற மருத்துவர் எடுத்துக்காட்டினார். காய்ச்சினால் நைட்ரேட் போகாது. நீர் வற்ற வற்ற, மிஞ்சிய நீரில் அது கூடத்தான் செய்யும்.

வேர்கள் இல்லாத ஊரில் எஞ்சியிருப்பது காற்று. நைட்ரஜனைக் காற்றுக்குத் திருப்பி அனுப்பவும் உயிரணுக்களால்தான் முடியும். அந்த வேலை நடக்க வேண்டிய இடம் உங்கள் வளாகத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. எஸ்.டி.பி. என்னும் அந்தக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அறைக்குப் பலர் ஒருமுறைகூடப் போனதில்லை. போய்ப் பாருங்கள். காற்றை ஊதும் புளோயர் ஓடிக்கொண்டிருக்கும் நல்ல ஏரேஷன் டேங்க்கில் நீர் பழுப்பாகக் குமிழியிட்டுக்கொண்டிருக்கும். நாற்றம் இருக்காது, நனைந்த மண்ணின் வாசனைதான் வரும். ஒரு லிட்டர் கண்ணாடி உருளையில் அந்த நீரை மொண்டு வைக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் பழுப்புக் கசடு அடியில் படிந்து மேலே தெளிந்த நீர் நிற்கும். இது ஆபரேட்டர்கள் செய்யும் வழக்கமான சோதனை. அதோடு எடுத்துவிடாமல் இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் விட்டுவையுங்கள். அடியில் கிடந்த கசடிலிருந்து கட்டி கட்டியாகச் சில மேலே எழும்பும். உற்றுப் பார்த்தால் கட்டிகளில் ஊசிமுனைக் குமிழிகள் ஒட்டியிருக்கும். அந்தக் குமிழிகளில் இருப்பது பெரும்பாலும் நைட்ரஜன் வாயு. உங்கள் வீட்டுத் துவரம்பருப்பில் இருந்த அணுக்கள் உங்கள் கண்ணெதிரே காற்றுக்குத் திரும்புகின்றன.

உருளைக்குள் நடந்தது இரண்டு கட்ட வேலையின் முடிவு. முதல் கட்டத்தில் நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்க, வேறு சில அதை நைட்ரேட் ஆக்குகின்றன. இவற்றைத் தனியே வளர்த்துக் காட்டியவர் ரஷ்ய அறிஞர் செர்கேய் வினோகிராட்ஸ்கி, ஆண்டு 1890. இரண்டாம் கட்டத்தில் ஆக்சிஜன் தீர்ந்த இடத்தில் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைக் கொண்டே சுவாசித்து, அதைப் படிப்படியாக நைட்ரஜன் வாயுவாக்குகின்றன. முதல் வேலைக்குக் காற்று வேண்டும், இரண்டாவதற்குக் காற்று இருக்கக் கூடாது. அதனால்தான் எஸ்.டி.பி.யில் காற்றூட்டும் கட்டமும் காற்றில்லாத கட்டமும் தனித்தனியே வேண்டும்.

முதல் கட்டத்து பாக்டீரியாக்கள் மிக மெதுவாகப் பெருகுபவை. கழிவைத் தின்னும் மற்றவை சில மணி நேரத்தில் இரட்டிப்பாகும் என்றால் இவற்றுக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற நாலரை கிராம் ஆக்சிஜன் வேண்டும். நாம் போட்ட கணக்குப்படி நூறு வீட்டுக்கு நாளொன்றுக்கு 14 கிலோவுக்கு மேல். அதைத் தருவது புளோயர். கரன்ட் பில் மிச்சம் என்று இரவில் அதை நிறுத்தினால் சிறிது நேரத்திலேயே ஆக்சிஜன் தீர்ந்து அம்மோனியா அப்படியே வெளியேறும். ஒரு வளாகத்தில் இரவெல்லாம் புளோயர் நின்றிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். கேட்டதற்கு, நீர் தெளிவாகத்தானே இருக்கிறது என்றார்கள். அம்மோனியாவுக்கு நிறமில்லை. தெளிந்த நீரிலும் அது இருக்கும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் அளவின்றிக் கொட்டப்பட்டு இந்த பாக்டீரியாக்கள் அழிந்தால், மறுபடி தலையெடுக்க வாரக்கணக்கில் ஆகும்.

ஆகவே சங்கங்களிடம் நான் கேட்பவை இவை.

முதலாவது, மின்கட்டணத்தை மிச்சம் பிடிப்பதற்காகப் புளோயரை நிறுத்தாதீர்கள். மின்வெட்டின்போது ஜெனரேட்டர் லிஃப்டுக்கு ஓடுவதுபோல் புளோயருக்கும் ஓடட்டும். எஸ்.டி.பி.யைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டருக்கு உரிய சம்பளமும் பயிற்சியும் கொடுங்கள். நம் எல்லோருடைய ஆரோக்கியத்தையும் கையில் வைத்திருப்பவர் அவர்.

இரண்டாவது, மாதச் சோதனையில் பிஓடி, சிஓடி என்ற வழக்கமான அளவுகளோடு அம்மோனியா நைட்ரஜனையும் நைட்ரேட்டையும் சேர்க்கச் சொல்லுங்கள். முடிவை லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். அம்மோனியா ஏறினால் காற்றோட்டம் போதவில்லை. அம்மோனியா இறங்கி நைட்ரேட் மட்டும் தேங்கினால் காற்றில்லாத கட்டம் சரியாக நடக்கவில்லை. இதைப் படிக்க யாருக்கும் பட்டம் வேண்டியதில்லை.

மூன்றாவது, சுத்திகரித்த நீரைக் கால்வாயில் விடும் முன், தோட்டத்துக்கும் சாலையோர மரங்களுக்கும் முடிந்த மட்டும் பாய்ச்சுங்கள். மிஞ்சியிருக்கும் நைட்ரேட் வேருக்குப் போகட்டும். வேடந்தாங்கல் வயல்கள் செய்வதைச் சிறு அளவில் நம் மரங்களும் செய்யும்.

நான்காவது, செப்டிக் டேங்க் வைத்திருப்பவர்கள், கழிவுநீர் லாரி எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று கேட்டு, சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கியதற்கான சீட்டு வாங்குங்கள். தொட்டிக்குள் எந்தக் காரணத்துக்காகவும் மனிதரை இறக்காதீர்கள். உரிய பாதுகாப்பின்றி இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் மனிதரை இறக்குவது செய்யக் கூடாதது.

ஐந்தாவது, ஏரியில் ஆகாயத்தாமரை அகற்றும் பணிக்கு ஆள் சேர்க்கும்போதே, வாரியதை அன்றே ஏற்றிப்போய் உரமாக்க இடமும் வண்டியும் ஏற்பாடு செய்யுங்கள். கரையில் குவித்தால் செய்த வேலை வீண்.

ஆறாவது, கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருக்கும் வீடுகளின் கிணற்று நீரையும் போர் நீரையும் நைட்ரேட்டுக்காகச் சோதித்துப் பாருங்கள். அந்தச் செலவைச் சங்கமே ஏற்கட்டும்.

இவற்றால் மாதாந்திர மெயின்டனன்ஸ் கூடும் என்பது எனக்குத் தெரியும். வீட்டுக் கடனும் பள்ளிக் கட்டணமும் கட்டுகிற குடும்பங்களுக்கு ஒவ்வொரு ரூபாயும் கணக்குதான். ஆனால் புளோயரை நிறுத்துவதால் அந்தச் செலவு மறைவதில்லை. ஏரி மீனை நம்பிப் பிழைப்பவர் மீதும், அடையாற்றங்கரையில் குடியிருப்பவர் மீதும், கிணற்று நீரைக் குடிக்கும் குழந்தை மீதும் அதை ஏற்றிவிடுகிறோம். அவர்கள் யாரும் நம் பொதுக்குழுவில் கை தூக்க முடியாது. அவர்களுக்காகவும் நாம்தான் கை தூக்க வேண்டும்.

கோடானுகோடி உயிரணுக்கள் கூலி கேட்காமல் இந்த வேலையைச் செய்யக் காத்திருக்கின்றன. அவை நம்மிடம் கேட்பது காற்றும் நேரமும் மட்டுமே. எந்தச் சங்கம் அழைத்தாலும் ஞாயிற்றுக்கிழமையில் வந்து, உங்கள் எஸ்.டி.பி. அறையிலேயே நின்று, இதையெல்லாம் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் காட்டி விளக்க நான் தயார். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி சேருங்கள்: "நம் நைட்ரஜன் எங்கே போகிறது?" அதற்கு விடை சொல்ல முடிகிற முதல் வளாகம் உங்களுடையதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
கூடுவாஞ்சேரி